நீர் கோத்த தலையும் நாம் எழுதும் சீட்டும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஜொகூரில் நம் கிளினிக்குகளுக்குள் கோடாலித் தைல வாசம் நுழைந்துவிடும். நெற்றி பளபளக்கப் பூசிக்கொண்டு வருபவர் நாற்காலியில் உட்காருமுன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்: "டாக்டர், எனக்கு சைனஸ். தலையில நீர் கோத்துக்கிச்சு." மலாய்க்கார நோயாளி அதையே ரெஸ்டுங் என்பார். நாமும் அட்டையில் சைனசைட்டிஸ் என்று எழுதி, ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக், மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை, பனடோல், ஒருநாள் எம்.சி. கொடுத்து அனுப்புகிறோம். மூன்று நாளில் தலைவலி போய்விடுகிறது. அடுத்த மாதம் அவரே திரும்பி வருகிறார்.

மூன்று நாளில் போனது எது? மருந்தே கொடுக்காமல் விட்டாலும் 4 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் தானாக அடங்கும் தலைவலி ஒன்று உண்டு. அது மைக்ரேன். நம் கையால் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்குகள் ஈட்டிய நற்பெயரில் பெரும்பங்கு அந்த 72 மணி நேரத்தைச் சேரும் என்றே நான் கருதுகிறேன்.

இது புதிய செய்தியல்ல. 2004இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, சைனஸ் தலைவலி என்று தாமே சொன்ன அல்லது மருத்துவர் சொல்லக் கேட்ட 2,991 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 88 விழுக்காட்டினரின் தலைவலி, மைக்ரேனுக்கான அளவுகோலில் முழுமையாகவோ பெரும்பாலுமோ பொருந்தியது. 2007இல் இன்னோர் ஆய்வு நூறு பேரை எடுத்துக்கொண்டது. உண்மையான சைனஸ் அழற்சியால் தலைவலி வந்தவர்கள் அதில் மூவர். முதல் ஆய்வு தொற்றின் அடையாளம் உள்ளவர்களை முன்பே விலக்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அந்த 88ஐ அப்படியே தூக்கிவந்து மாசாயிலோ குளுவாங்கிலோ நம் வரிசையில் நிற்பவர்கள் மேல் ஒட்டக்கூடாது. ஆனால் காய்ச்சலில்லாமல், சளி நிறம் மாறாமல், மாதாமாதம் வந்துபோகும் "சைனஸ்" தலைவலி இங்கும் பெரும்பாலும் மைக்ரேன்தான் என்று நினைத்துத் தொடங்குவது பாதுகாப்பான தொடக்கம்.

நம்மை ஏமாற்றுவது மூக்கு. மைக்ரேன் வரும்போது டிரைஜெமினல் நரம்பு தூண்டப்படுகிறது. அந்தத் தூண்டல் மூளைத்தண்டு வழியாக மடங்கி, பாராசிம்பதெடிக் நரம்புகளைப் பிடித்து, ஸ்பீனோபாலடைன் நரம்பு முடிச்சுக்கு வருகிறது. அங்கிருந்து மூக்கின் சவ்வுக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் கட்டளை போகிறது. மூக்கு அடைக்கிறது, தண்ணீராக ஒழுகுகிறது, கண் கலங்குகிறது. நெற்றி, கன்னம், கண்குழி மூன்றின் உணர்ச்சியும் இதே நரம்பின் கிளைகளில்தான் ஏறுவதால் வலியும் சைனஸ் அறைகளின் மேலேயே அமர்ந்துகொள்கிறது. குனிந்தால் வலி கூடுவதும் இரண்டுக்கும் பொது. மழை, புழுக்கம், வெளி வெயிலிலிருந்து குளிரூட்டிய அறைக்குள் நுழைவது என்று நோயாளி சொல்லும் காரணங்களும் பொது. மூக்கடைப்பைக் கண்டதும் மைக்ரேன் இல்லை என்று முடிவுகட்டினால், மைக்ரேனின் ஓர் அறிகுறியையே அதற்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறோம்.

நம் மொழியும் இதில் பங்கு வகிக்கிறது. "நீர் கோத்தல்" என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு நோய்க்கோட்பாடு இருக்கிறது: தலைக்குள் நீர் தேங்கியிருக்கிறது, அதை வற்றவைக்க வேண்டும். அதனால்தான் நோயாளி ஆவி பிடிக்கிறார், நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுகிறார், தலைக்குக் குளிக்க அஞ்சுகிறார். இதே நோயாளி வேறொரு மாதம் வாந்தியோடு வந்தால் "பித்தத் தலைவலி டாக்டர், வாந்தி எடுத்தா சரியாயிடும்" என்பார். பாட்டி காலத்திலிருந்து வரும் அந்தச் சொல் மைக்ரேனுக்கு நாம் எழுதும் எந்த விளக்கத்தையும்விடக் கச்சிதமானது. மருத்துவத் தமிழ் தந்த "ஒற்றைத் தலைவலி"யோ கிட்டத்தட்டப் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடுகிறது. மைக்ரேன் உள்ளவர்களில் பத்தில் நான்கு பேருக்கு வலி இருபக்கமும் வரும். "ஒற்றைத் தலைவலியா?" என்று கேட்டால் அவர்கள் உண்மையோடுதான் இல்லை என்கிறார்கள். ஒரே நோய் சைனஸ், பித்தம், தலைபாரம் என்று மூன்று பெயரில் மூன்று கிளினிக்குகளில் ஏறி இறங்குகிறது.

மூன்று கேள்விகளால் மைக்ரேனைச் சலித்தெடுக்கும் முறை 2003 முதல் புழக்கத்தில் உள்ளது: தலைவலியோடு குமட்டல் உண்டா, வெளிச்சம் தொந்தரவு செய்கிறதா, கடந்த மூன்று மாதத்தில் ஒருநாளாவது வேலையை முடக்கியதா. இரண்டுக்கு ஆம் என்றால் மைக்ரேன் என்று கருதலாம். இவற்றை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. "வெளிச்சம் தொந்தரவா இருக்கா?" என்றால் பெரும்பாலானோர் தலையாட்டி மறுக்கிறார்கள். "தலைவலி வந்தா வீட்டுல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், "லைட்டை அணைச்சிட்டு, திரையை இழுத்துவிட்டு, பிள்ளைங்களைச் சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டுப் படுத்துடுவேன்மா" என்று பதில் வருகிறது. வெளிச்சம், சத்தம், முடக்கம் மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. குமட்டலைக் கேட்க "அன்னிக்குச் சாப்பாடு இறங்குமா?" என்பதே போதும்.

உண்மையான சைனஸ் அழற்சிக்கும் உரிய மரியாதை தர வேண்டும். அனைத்துலகத் தலைவலி வகைப்பாட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு அதை ஏற்றுக்கொள்கிறது. அழற்சி தொடங்கியதோடு வலி தொடங்கி, அழற்சி ஏற ஏற ஏறி, அது தணியும்போது தானும் தணிய வேண்டும் என்பதே அது கேட்கும் சான்று. சளிப்பிடித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் பாக்டீரியா தொற்றுக்குப் போவதில்லை. 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நிறம் மாறிய சளி, ஒருபக்கமாக ஓங்கிய கன்னவலி, உயர்ந்த சி.ஆர்.பி., நன்றாகி வந்தவர் மறுபடி மோசமாவது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருந்தால்தான் ஆன்டிபயாட்டிக் பேச்சு என்கிறது 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி. மேல் கடைவாய்ப் பல்லையும் தட்டிப் பாருங்கள். ஒருபக்கச் சைனஸ், துர்நாற்றச் சளி என்றால் வேர் பல்லில் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் முடிவைக் கையில் பிடித்து வருபவரிடம் நிதானம் வேண்டும். எந்த மூக்குத் தொந்தரவும் இல்லாதவர்களை எடுத்த 1988ஆம் ஆண்டு ஆய்விலேயே பத்தில் நான்கு பேரின் படத்தில் சவ்வுத் தடிப்போ வேறு மாற்றமோ தெரிந்தது. படத்தில் தடிப்பு இருப்பதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது.

சிகிச்சையில் உப்புநீர் கழுவலுக்கு நான் முதலிடம் தருகிறேன். 2016இல் பிரிட்டனின் பொதுமருத்துவ கிளினிக்குகளில் நடந்த ஆய்வு, நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு உப்புநீர் கழுவல் ஓரளவு உதவுவதைக் காட்டியது. ஆவி பிடித்தல் தலைவலியைக் கொஞ்சம் தணித்தது, வேறெதிலும் பயனில்லை. ஆவிக்கு வைத்த கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். 240 மில்லிலிட்டர் நீருக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். 2011இல் லூசியானாவில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தனர். ஸ்டீராய்டு ஸ்பிரேயைக் கொடுக்கும்போது ஒரு நிமிடம் செலவிட்டு, வலக்கையால் இடமூக்குக்கும் இடக்கையால் வலமூக்குக்கும், நடுச்சுவரை விட்டு விலக்கி அடிக்கச் சொல்லித்தர வேண்டும். "ரெண்டு நாள் அடிச்சேன், கேக்கல" என்று அதைத் தூக்கிப் போடுபவர்களே அதிகம். அது முழுப் பலன் தர இரண்டு வாரம்கூட ஆகும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டுமருந்தோ நேர்மாறு. ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

இனி என்னை அச்சுறுத்துவதைச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி என்று வருபவரைச் சைனஸ் என்று படுக்கவைத்து இடுப்பில் டைக்ளோபெனாக் ஊசி போடும் பழக்கம் நம்மில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது டிங்கி காய்ச்சலின் இரண்டாம் நாளாக இருக்கலாம். தட்டணுக்கள் இறங்கப்போகும் உடம்பில் அந்த வகை வலிநிவாரணியும் தசையில் ஊசியும் இரண்டுமே தவறு. இரத்தப் பரிசோதனைக்கு முன் அந்த ஊசி வேண்டாம். மூக்கில் சதைவளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவருக்கும் இதே மருந்துகள் மூச்சை அடைக்கலாம். ஒருபக்க மூக்கடைப்பு, காறினால் இரத்தக்கீற்று, ஒரு காது அடைப்பு, கழுத்தில் வலியில்லாக் கட்டி என்றால் மூக்குத்தொண்டைப் புற்றை நினைக்க வேண்டும். நம் சீன நோயாளிகளிடம் அது அரிதல்ல. கண் வீங்கினாலோ பார்வை இரட்டையானாலோ அன்றே மருத்துவமனை. நீரிழிவுள்ளவரிடம் இது இன்னும் அவசரம், கரும்பூஞ்சை நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் பரவும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது என்பதை நாம் ஒரு நாளும் மறக்க முடியாது.

காற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை தேடினர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. பெயர் பெற்ற அந்த நாள்களில் நாம் காற்றைப் பற்றிக் கேட்டோம். பெயரில்லாத சாதாரண நாளில், பெயிண்ட் அறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் "சைனஸ்" என்று வந்தால் "உங்ககூட வேலை செய்றவங்களுக்கும் தலை வலிக்குதா?" என்று கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி சில நேரம் நோயையே மாற்றிவிடும்.

மாசாய்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் என்னிடம் ஆறு ஆண்டுகளாகச் சைனஸ் நோயாளி. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். தூக்கக் குறைவு, காலைப் பசி, பாலத்து ஜாமில் புகை என்று மைக்ரேனுக்குத் தேவையான எல்லாம் அவருடைய நாளில் இருந்தன. அவருக்கு எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் எழுதினேன் என்று பழைய அட்டையைப் புரட்டி எண்ணினேன். பதினான்கு. அந்த எண்ணிக்கைதான் இந்த ஆசிரியர் உரையை எழுதவைத்தது.

அவரிடம் சமையலறையில் தொங்கும் குதிரைக் காலண்டரைப் பயன்படுத்தச் சொன்னேன். தலை வலித்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. மாத முடிவில் தாளைக் கிழித்துக் கொண்டுவந்தார். வட்டம் பன்னிரண்டு, பெருக்கல் குறி பத்தொன்பது. வலிக்காத நாளில் ஏன் மாத்திரை என்று கேட்டேன். "பாலத்துல வந்துடுமோன்னு பயம் டாக்டர், அதான் கிளம்பறப்பவே ரெண்டு போட்டுக்குவேன்." பனடோல் போன்ற சாதாரண மாத்திரை மாதத்தில் 15 நாள், டிரிப்டானோ கலவை மாத்திரையோ 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். எந்த மூக்குப் படமும் இதைச் சொல்லியிருக்காது.

பனடோலை நிறுத்தினோம். இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் தொடங்கினோம். வலி தொடங்கிய அரை மணிக்குள் போட ஒரு நாப்ராக்சன், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு. இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்த்துவிட்டுத்தான். கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதினேன். முதல் இரண்டு வாரம் வலி கூடியது. "பழைய கேப்சூலே குடுத்துடுங்க" என்று இருமுறை வந்து கேட்டார். கொடுக்கவில்லை, உட்காரவைத்துப் பேசி அனுப்பினேன். நான்காவது மாதத் தாளில் வட்டம் ஐந்து, பெருக்கல் குறி நான்கு. மழை அந்த மாதமும் பெய்தது, மூக்கும் அடைத்தது. அதற்கு உப்புநீர் மட்டும் போதுமாக இருந்தது.