தேர்வும் ஓர் அமானிதமே

தாம்பரம், குரோம்பேட்டை பகுதிகளில் கூடைப்பந்தாடும் பிள்ளைகள், அமெரிக்க நட்சத்திர அணிக்குத் தகுதியானவர் யார் என்று வாதிடுவதுண்டு. அதை வீண் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். பெரியோர்க்கும் அதில் பாடமுண்டு.

அங்கு முதல் ஐவரை முன்பு ரசிகர் வாக்கே முடிவு செய்தது. 2017இல் விதி மாறியது: ரசிகர்க்குப் பாதி, சக வீரர்க்குக் கால், ஊடகத்தார்க்குக் கால் பங்கு. அவ்வாண்டு ஜார்ஜியா நாட்டின் சாசா பச்சூலியா, மேற்குப் பிரிவின் முன்கள வீரர்களுள் ரசிகர் வாக்கில் இரண்டாமிடம் பெற்றும் தேர்வாகவில்லை. புகழ் வேறு, தகுதி வேறு.

தகுதியை மறைப்பது புகழ் மட்டுமன்று, நம் முன்முடிவுகளும்தாம். சென்னையின் அனிதா பால்துரை தாயான பின்னரும் களம் திரும்பினார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற இந்திய அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். ‘குழந்தை பெற்றவர்தானே’ என்று ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

பள்ளி அணியாயினும் ஜமாஅத் நிர்வாகமாயினும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓர் அமானிதம். வேண்டியவர் என்பதற்காக ஒருவரைச் சேர்த்தால், தகுதியுள்ள மற்றொருவரின் உரிமை பறிபோகிறது. வெளியே காத்து நிற்கும் அவரை எண்ணிப் பார்த்த பின்னரே பட்டியலில் பெயரை எழுதுங்கள்.