பந்தோபஸ்து

2025 ஜூலையில் நம்மூர்க் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. மராட்டியர் காலத்துப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் இதுவும் ஒன்றாம். இனிப் பெரிய மனிதர் வரத்து கூடும். வரத்து கூடினால் பந்தோபஸ்தும் கூடும். கூட்டுரோட்டில் கயிறு கட்டுவார்கள். பூக்காரம்மாவைக் கூடையோடு நகரச் சொல்வார்கள். வெயிலில் நிற்கிற காவலர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் இருப்பார்கள். முதலமைச்சர் போகிற சாலையில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று ஓர் உத்தரவு வருவதற்கே 2021 ஜூன் ஆகிவிட்டது. அதுவரை ஒதுங்க இடமில்லாமல் மணிக்கணக்கில் நின்ற பெண்களின் அடிவயிற்று வலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆட்சியில், அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் காவல் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் காவல் பணியில் நின்ற போலீஸ்காரர்களும் உண்டு. அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. என் கேள்வி வேறு. காவல் போடும்போது யாரையெல்லாம் 'அரசு' என்று இந்த அரசு நினைக்கிறது?

ஊராட்சித் தலைவரும் சட்டப்படி பொது ஊழியர்தான். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல் வந்தது. முதன்முறையாகச் சேரியிலிருந்து ஒருவர் இட ஒதுக்கீட்டில் போய் ஊர் நாற்காலியில் உட்காரலாம் என்றானது. உட்கார விட்டார்களா?

மதுரை மாவட்டம் மேலவளவில் அந்த அக்டோபரில் தேர்தலே நடக்கவில்லை. மனுப் போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள், நம் சனங்களின் வீடுகள் எரிந்தன. டிசம்பரில் மறுபடி நடந்தபோது வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். கவனியுங்கள் தோழர்களே, வாக்குப்பெட்டிக்குக் காவல் வந்தது. தேர்தல் முடிந்தது, பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, காவலும் போய்விட்டது. ஜெயித்த மனிதர் அங்கேயே இருந்தார். மிரட்டல் தொடர்ந்தது. பாதுகாப்புக் கேட்டார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தலைவர் முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர். முருகேசனின் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள்.

2001இல் சேலம் நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. உள்ளே போனவர்களில் மூன்று பேரை 2008இல் அண்ணா நூற்றாண்டு என்று விட்டார்கள். பதிமூன்று பேரை 2019 நவம்பரில் விட்டார்கள். சாகும் முன் பாதுகாப்புக் கேட்டவனுக்கு யோசித்த அரசு, வெட்டியவனை விடும்போது யோசிக்கவில்லை.

இது தெற்கத்தி விவகாரம், நம்ம பக்கம் அப்படியில்லை என்று சொல்கிறவர்கள் வங்கிக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. தனித் தொகுதி ஊராட்சியில் துணைத் தலைவர் பெரும்பாலும் ஊர்க்காரர்தான். ஒரு தலைவரம்மா, பேரும் ஊரும் வேண்டாம், ஒற்றைக் கையெழுத்தோடு காசோலையை நீட்டினார். "அவரு போடலியே சார். போய் கேட்டா, வூட்டாண்ட வந்து வாசல்ல நில்லுன்றாரு. நின்னாலும் போட மாட்றாரு. ராத்திரில வந்து தெருவிளக்க ஒடைக்கிறானுங்க." ஸ்டேஷனில் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன். இன்னாம்மா தலைவரே, ஒனக்குத் தனியா போலீஸ் போடணுமான்னு சிரிக்கிறாங்க."

அதே கவுன்டருக்குப் பின்னால் பணப்பெட்டி வேனில் ஏறும்போது துப்பாக்கியோடு காவலர் கூடவே ஏறுவார். பணம் எந்த ஸ்டேஷனுக்கும் போய் மனுக் கொடுத்ததில்லை.

காவல் யாருக்கு என்று எப்படி முடிவாகிறது? மிரட்டல் உண்டா இல்லையா என்று உளவுப் பிரிவு அறிக்கை தர வேண்டும், மேலே குழு உட்கார்ந்து முடிவு செய்யும். சரி. ஒரு கிராமத்துத் தலைவருக்கான அறிக்கை எங்கே பிறக்கும்? சிரித்தார்களே, அந்த ஸ்டேஷனில்தான்.

நாற்காலியும் முத்திரையும் உள்ள அதிகாரிக்கே இந்தக் கதிதான். தூத்துக்குடி மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் திருட்டைப் பற்றி முறப்பநாடு போலீசில் புகார் கொடுத்தார். சில நாள்தான், 2023 ஏப்ரல் 25 அன்று அலுவலகத்துக்குள் வைத்தே வெட்டிக் கொன்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வேகமாக வந்தது. புகார் கொடுத்த அன்றைக்கு அந்த வேகத்தில் கால்வாசி இருந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் சுதந்திர தினத்துக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்ததும் சில நாளில் அதிகாரிகள் காவலோடு வந்து ஏற்ற வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார், சாதி பார்த்துக் கொடியேற்றத் தடை வரக்கூடாது என்று. நல்லதுதான். கொடி ஏறும்வரை போலீஸ் நிற்கும். மறுநாள் காசோலைக்குக் கையெழுத்து வாங்கப் போகும்போது யார் நிற்பது?

இங்கே நம் தோழர்களில் சிலர் கேட்பதை நான் ஏற்கவில்லை. தலித் தலைவர்களுக்கெல்லாம் ஒரு கன்மேன் கொடு என்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் கன்மேனோடு திரிகிற தலைவி சொந்த ஊரிலேயே காவல் கைதி மாதிரி ஆகிவிடுகிறாள். மிரட்டியவன் டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அடைக்க வேண்டியது யாரை?

1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கொண்டுபோன திட்டத்துக்குப் பேரே 'பாதுகாப்புகள்'தான். அதில் துப்பாக்கிக்காரன் கிடையாது. நம்மை ஊர்விலக்கம் செய்கிறவனைத் தண்டிக்கும் சட்டம் கேட்டார்கள். பாதுகாப்பு என்றால் மிரட்டுகிறவனின் கையைக் கட்டுவது என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

அதன் வாரிசுதான் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, தலித் ஊராட்சித் தலைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பதே அதில் தனிக் குற்றம். 10ஆவது பிரிவில், குற்றம் செய்யக்கூடியவனை அந்தப் பகுதியை விட்டே வெளியேற்றலாம். 1995 விதிகளில், வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் ஆதிக்க சாதியாரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் நம்மவர்களுக்கே உரிமம் கொடுக்கலாம் என்றிருக்கிறது. கடமையை வேண்டுமென்றே தட்டிக் கழிக்கிற அதிகாரியைத் தண்டிக்க 4ஆவது பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் காவல் கொடுக்க 15ஏ. இத்தனையும் அச்சில் இருக்கிறது. கன்மேன் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஒரு துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்ய எத்தனை ஆள் வேண்டும்?

கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைச் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சின்னக் குன்று உண்டு, சக்கிலி துர்க்கம். அதிலே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, முள்ளும் பாறையும்தான். ராசாவுக்கு அகழி, இழுவைப் பாலம், ஏழு வாசல் எல்லாம் ராஜகிரியில். பந்தோபஸ்து என்பது எப்போதுமே உயரத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது அதே 1995 விதிகளில் இருக்கிறது. அந்தக் குழுவிடம் கேட்க மூன்று கேள்வி போதும். நம் மாவட்டத்தில் இதுவரை எத்தனை துப்பாக்கி உரிமம் ரத்தானது? 10ஆவது பிரிவில் எத்தனை பேரை வெளியேற்றினார்கள்? 4ஆவது பிரிவில் எந்த அதிகாரி மேலாவது வழக்கு உண்டா? ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். எழுத ஆள் இல்லாதவர்கள் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வாருங்கள். வங்கி விடுமுறை, வீட்டில்தான் இருப்பேன், எழுதித் தருகிறேன்.