விருந்துக்கு என்ன சமைப்பது?



கடந்த மாதம் ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் ஒழுங்கு செய்திருந்தோம். கொழும்பிலிருந்து அதிகாரிகள் சிலர் வருவதாக இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதும், "ஹப்புத்தளையில பிரைட் ரைஸ் பார்சல் எடுப்போம் மிஸ்" என்றார்கள் எல்லோரும். "ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்தால் என்ன?" என்றேன். ஓர் அக்கா சிரித்தார். "அது நாம திங்கிறது மிஸ். வர்றவங்களுக்குக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அன்றிரவு, முன்பு வாசித்த ஒரு விருந்தின் கதை நினைவுக்கு வந்தது.

நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனவர்கள் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளியைப் பார்த்திருப்பீர்கள். துரைமார் காலத்தில், 1889இல் தொடங்கிய கோல்ஃப் மைதானம் அது. இந்த விளையாட்டின் பெரும் போட்டிகளில் ஒன்றான 'மாஸ்டர்ஸ்', ஆண்டுதோறும் அமெரிக்காவின் ஒகஸ்டா நகரில் நடக்கிறது. 1952இல் பென் ஹோகன் என்ற வீரர் அங்கே ஒரு வழக்கத்தை ஆரம்பித்து வைத்தார். முந்திய ஆண்டு வென்றவர், தமக்கு முன் வென்ற அனைவருக்கும் விருந்து வைக்க வேண்டும். செலவு அவருடையது. என்ன உணவு என்று தீர்மானிப்பவரும் அவரே.

1988இல் வென்ற ஸ்கொட்லாந்துக்காரர் சேண்டி லைல், மறு ஆண்டு 'ஹகிஸ்' வைத்தார். ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து அவிப்பது. நம் வீட்டு ஆட்டுக்குடல் கறிக்கு உறவென்று சொல்லலாம். நம் மலைகளை ஆண்ட துரைமார் பலரின் தாயகம் ஸ்கொட்லாந்து. ஏழைகளின் சாப்பாடாக இருந்த அதை, லைல் தம் நாட்டு உடை அணிந்து, தாமே வெட்டிப் பரிமாறினார்.

நம் ரொட்டியிலும் வறுமையின் வாசனை ஒட்டியிருக்கிறது. 1973, 74ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தக் காலத்தைக் கண்ட பாட்டிமார் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். விருந்தாளி முன் ரொட்டியை வைக்க அந்த அக்கா கூசியதில் அந்தப் பசியும் இருக்கிறது.

1997இல் டைகர் வூட்ஸ் வென்றார். வயது 21. மாஸ்டர்ஸை வென்ற முதல் கறுப்பினத்தவர். 1982 வரை அந்தப் போட்டியில் வீரர்களின் பையைச் சுமந்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர்கள். கறுப்பினத்தவர் ஒருவரை அந்தக் கழகம் உறுப்பினராக்கியதோ 1990இல்தான். வூட்ஸ் வென்ற அன்று, முன்னாள் வெற்றியாளர் ஃபஸி ஸெல்லர் கமராவுக்கு முன்னால், அடுத்த வருட விருந்தில் பொரித்த கோழியும் கீரையும் வைத்துவிட வேண்டாமென்று வூட்ஸிடம் சொல்லும்படி கேலி பேசினார். அடிமைகளாக இருந்தவர்களின் சாப்பாட்டைச் சொல்லிக் குத்துவது அங்கே பழைய பழக்கம். பிறகு மன்னிப்புக் கேட்டார். விளம்பர ஒப்பந்தமும் கைவிட்டுப் போயிற்று. வூட்ஸ் 1998 விருந்தில் வைத்தது சீஸ்பேர்கர், கோழி சாண்ட்விச், உருளைக்கிழங்குப் பொரியல், மில்க்ஷேக். அந்த வயதுப் பையன் சாப்பிடுவதைத்தான் வைத்தார்.

2000இல் வென்ற விஜய் சிங், பிஜித் தீவுக்காரர். 1879 முதல் 1916 வரை வெள்ளையர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேற்றிய இந்தியரின் வழிவந்தவர்களே அங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலானோர். நம் கதைக்கு ஒன்றுவிட்ட உறவு. சப்பாத்தியும் பருப்பும் வைத்திருப்பாரோ என்று ஆவலோடு தேடினேன். அவர் வைத்தது தாய்லாந்துச் சமையல்! எனக்குச் சற்று ஏமாற்றம்தான். பிறகு வெட்கமாகிவிட்டது. அவர் பணம், அவர் நாக்கு. 'உன் ஆட்கள் தின்பது இதுதான்' என்று வெளியாள் ஒருவர் முடிவு கட்டியதுதானே ஸெல்லர் செய்த பிழையும்?

2024இல் ஸ்பெயின் நாட்டு ஜோன் ராம் வைத்தவற்றில் ஒன்று, தம் வீட்டுப் பெண்கள் செய்யும் பருப்புக் கறி. உணவு அட்டையில் அதை 'அம்மாவின்' கறி என்றே குறித்திருந்தார்கள். ஆனால் அந்த மேசையில் அமர்பவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களை அந்தக் கழகம் உறுப்பினராகச் சேர்த்ததே 2012இல்தான்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் நம் பெண்களிடம் சொன்னேன். ஹகிஸைக் கேட்டு ஒரே சிரிப்பு. கடைசியில் அதே அக்கா சொன்னார்: "ரொட்டி போடுறதுன்னா விடியக்காலம் நாலு மணிக்கு எழும்பணும் மிஸ். கொழுந்துக்குப் போறவளுக, கூட்டத்தன்னைக்கும் அடுப்படியிலதான் நிக்கணுமா? பார்சல் எடுத்தா நாங்களும் ஒக்காந்து கேப்போம்ல."

இது எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த கூட்டத்துக்கு ரொட்டி என்று தீர்மானமாகியிருக்கிறது. மா பிசைவதும் சுடுவதும் வீட்டு ஆண்கள் பொறுப்பு. எத்தனை பேர் வருவார்களோ, பார்ப்போம்.