வசனம் பேசாத தளபதி

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வீரத்தை அளக்க ஒரே ஒரு படிதான் வைத்திருக்கிறோம்: தொண்டை. 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் வந்தது முதல் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் ஒட்டு மீசைப் பையன் மேடையேறி வசனம் முழங்குகிறான். நாம் கை தட்டுகிறோம். தட்டலாம். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்குக் கயிற்றின் முன் நின்றவருக்கு அது தகும். ஆனால் கதை அத்தோடு தீர்ந்தது என்று எழுந்து வீட்டுக்குப் போகிறோமே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

பெரிய யுத்தம் அதற்குப் பிறகல்லவா நடந்தது! நடத்தியவர் தம்பி குமாரசாமி. பேச்சுச் சரியாக வராதவர். ஊமைத்துரை என்றே ஊர் அழைத்தது. 1801 பிப்ரவரி 2-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கும்பினியார் இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணாலேயே மறுபடி எழுப்பினார். மார்ச் 31-இல் அதில் ஏறப் பார்த்த கும்பினிப் படை பலத்த அடி வாங்கித் திரும்பியது. கூடுதல் பட்டாளம் வந்த பிறகு, மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. அப்போதும் அவர் ஓயவில்லை. காளையார்கோவில் பக்கம் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

அவர் பேசிய பாஷை என்ன தெரியுமா? எதிரிப் பட்டாளத்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் அதைச் சொல்கிறார். இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை வைப்பாராம். அவை வெள்ளைக்காரச் சிப்பாய்கள். வாயால் ஓர் ஓசை எழுப்பி, மறு கையால் ஒரே வீச்சில் அவற்றைத் தள்ளிவிடுவாராம். அவ்வளவுதான் உத்தரவு. ஆட்கள் பாய்வார்கள். எந்த வசனகர்த்தா இதற்குமேல் எழுதிவிட முடியும்?

பேசுகிறவரும் படை நடத்துகிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பது உலகத்தில் புதிதல்ல. சீனத்தில் 1928-இல் மாவோவும் சேனாதிபதி சூ டேயும் ஒன்றுசேர்ந்தபோது, ‘சூமாவோ’ என்பது ஒரே மனிதரின் பெயர் என்று குடியானவர்கள் நினைத்தார்களாம். அந்த அறியாமைகூட நம் அறிவைவிட மேல். நாம் அண்ணனின் வாயை வைத்துக்கொண்டு தம்பியின் கையை மறந்துவிட்டோம்.

இது பழங்கதைக்கு மட்டும் நேர்ந்த நஷ்டமல்ல. முழங்குகிறவனே வீரன் என்று குழந்தையிலேயே பழகிவிட்ட ஜனங்கள், பெரியவர்களானதும் மைக்கைப் பிடித்தவனையெல்லாம் தலைவன் என்று நம்புகிறார்கள்.

அடுத்த ஆண்டுவிழாவில் இன்னொரு பையனையும் மேடையேற்றுங்கள். அவனுக்கு வசனம் எழுத வேண்டாம். கையில் நாலு துரும்பு கொடுங்கள், போதும்.