பழைய டெஸ்க்டாப்பில் டூயல் பூட்: செய்யுங்க, ஆனா ஒரே டிஸ்கில் செய்யாதீங்க!

“இதுக்கு மேல இதுல காசு போடுறது வேஸ்ட் சார். எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு புதுசா ஒண்ணு எடுத்துடுங்க.”

அப்பாவின் டெஸ்க்டாப்பைப் பார்த்துவிட்டு சர்வீஸ்காரர் சொன்னது இது. 2014-ல் வாங்கிய அசெம்பிள்டு சிஸ்டம். 4-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பால் வாங்கி வந்து, டீ போட்டுக் குடித்த பிறகுதான் திரை முழுசாக வரும். அதில்தான் ரிட்டயர் ஆன அப்பா எங்கள் தெருவில் இருக்கும் நாலு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பதினோரு வருஷக் கணக்கு, குடும்ப போட்டோக்கள், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான்.

சர்வீஸ்காரர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சிஸ்டம் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். தனியாகப் பதிவு செய்தால்தான் வரும். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாமா என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் அநேகமாக 8-ஆம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை வந்ததே 2017-ல். அப்பாவின் மெஷின் அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது.

இந்தத் தடையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் வழிகள் யூடியூப் முழுக்கக் கிடைக்கின்றன. ஏற்றலாம், ஓடவும் செய்யும். ஆனால், அப்படி ஏற்றிய சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. நாலு பேர் கணக்கை வைத்திருக்கும் மெஷினில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது என் கட்சி.

சர்வீஸ்காரர் சொன்ன மீதிப் பாதிதான் தப்பு. அந்த மெஷின் சாகவில்லை. நாலு கோர் பிராசசர், பிரவுசருக்கும் டேலிக்கும் இன்றைக்கும் தாராளம். இழுத்துப் பிடித்தது ஹார்டு டிஸ்க். சுற்றும் தட்டில் ஊசி ஓடி ஓடிச் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேட வேண்டும். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது அப்படி ஆயிரக்கணக்கில் தேடுகிறது. எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது மட்டுமே பழைய சிஸ்டத்துக்குப் பாதி உயிர். ரேமை 8 ஜிபி ஆக்கினால் மீதி உயிர். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தக் காலத்து போர்டுகளில் இருப்பது பெரும்பாலும் டிடிஆர்3 ஸ்லாட். கடையில் “ரேம் குடுங்க” என்று பொதுவாகக் கேட்டு டிடிஆர்4 வாங்கி வந்தால் ஸ்லாட்டில் நுழையாது. டிடிஆர்3 பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் போதும்.

விண்டோஸும் வேணும், லினக்ஸும் வேணும்

மெஷின் வேகமாகிவிட்டது, ஆனால் உள்ளே இருப்பது ஆதரவு முடிந்த விண்டோஸ். அதனால் இணையம் தொடர்பான எல்லா வேலைக்கும் லினக்ஸ், டேலிக்கு மட்டும் விண்டோஸ் என்று பிரித்தேன். பிரவுசர், மெயில், பேங்க், ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லாம் லினக்ஸ் மின்ட்டில். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசும் கிடையாது. கணக்கு எழுதுவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. விண்டோஸில் கணக்கை முடித்து, ரிட்டர்ன் ஃபைலை எக்ஸ்போர்ட் செய்து பொதுவான டிஸ்கில் போட்டுவிட்டால், லினக்ஸுக்கு வந்து போர்ட்டலில் ஏற்றிவிடலாம்.

“எதுக்கு ரெண்டு? முழுசா லினக்ஸுக்குப் போயிட வேண்டியதுதானே” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட ‘வைன்’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மார்ச் மாதம் டேலி திறக்காமல் போனால் அந்த நண்பர்கள் வந்து கடைக்காரருக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். அப்பாவின் பழைய லேசர் பிரிண்டருக்கும் லினக்ஸுக்கும் ஒத்தே வரவில்லை என்பது இன்னொரு கதை. லினக்ஸுக்கு முழுசாக மாறுவது நல்ல விஷயம்தான். ஆனால் ஒருவரின் பிழைப்பு ஓடும் மெஷினில் அதை ஒரே ராத்திரியில் செய்யக் கூடாது. டூயல் பூட்டை நான் ஒரு பாலமாகத்தான் பார்க்கிறேன். அதிலேயே குடியிருக்க வேண்டும் என்று இல்லை.

டூயல் பூட் நம்மில் பலருக்குப் புதுசும் இல்லை. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ அதில் போட்டே கொடுத்தார்கள். எங்கள் ஹாஸ்டலில் அதை என்ன செய்தோம்? முதல் வாரத்திலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமா ஏற்றினோம். ரெண்டு சிஸ்டம் ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் அழித்த கல்யாண போட்டோ

இணையத்தில் டூயல் பூட் என்று தேடினால் வரும் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வது ஒன்றுதான். இருக்கும் டிஸ்கில் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கு, காலியான இடத்தில் லினக்ஸைப் போடு. எனக்கு இதில்தான் சண்டை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க் என்றால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சொந்த அனுபவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அக்காவின் கம்ப்யூட்டரில் “நான் லினக்ஸ் போட்டுத் தர்றேன்” என்று உட்கார்ந்தேன். விண்டோஸில் சி டிரைவ், டி டிரைவ் என்று பார்த்துப் பழகிய கண். லினக்ஸ் இன்ஸ்டாலரில் சி, டி எல்லாம் கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5 என்று ஒரு பட்டியல் வந்தது. காலியாக வைத்த இடம் என்று நினைத்து நான் ஃபார்மட் கொடுத்தது அக்காவின் டி டிரைவ். கல்யாண போட்டோ முழுக்க அதில்தான். தப்பு என் மேல்தான், இன்ஸ்டாலர் கேட்டுவிட்டுத்தான் அழித்தது. ரெக்கவரி சாஃப்ட்வேரில் கிடைத்தவை பாதி உடைந்த படங்கள். ஆல்பத்தில் பிரின்ட் போட்டவை மட்டும் மிஞ்சின. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதனால் அப்பாவின் மெஷினில் வேறு வழி. லினக்ஸுக்கென்று தனியாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி. இன்ஸ்டால் செய்வதற்கு முன் கேபினட்டைத் திறந்து, மற்ற எல்லா டிஸ்கின் சாட்டா கேபிளையும் கழற்றிவிட்டேன். இன்ஸ்டாலர் கண்ணுக்குத் தெரிவது ஒரே டிஸ்க், அதுவும் காலி. “முழு டிஸ்கையும் அழிக்கட்டுமா?” என்று கேட்டால் தைரியமாக “ஆமாம்” என்று சொல்லலாம். பார்ட்டிஷன் பட்டியலை உற்றுப் பார்க்கும் வேலையே இல்லை. முடிந்ததும் சிஸ்டத்தை ஆஃப் செய்து, கேபிள்களைத் திரும்பச் செருகி, லினக்ஸில் ‘க்ரப்’ பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது விண்டோஸும் அதில் வந்து நிற்கும். எதிர்காலத்தில் லினக்ஸ் வேண்டாம் என்றால், பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்துவிட்டு அந்த எஸ்எஸ்டியைக் கழற்றினால் போதும்.

கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி செலவுதான். ஆனால் புது சிஸ்டத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது செலவே இல்லை. முந்தைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பொது டேட்டாவுக்கு மட்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் உடனே டேட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். நல்லா இருந்தாலும் முக்கியமான ஃபைல்களின் ஒரு காப்பி வெளியே ஒரு டிஸ்கில் இருக்கட்டும். இதை முதலில் செய்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

கேபினட்டைத் திறப்பதற்கு முன்

பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்க முடியும். அதை ஒரு நாள் முழுக்கச் செய்யுங்கள். சவுண்ட் வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, வைஃபை டாங்கிள் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மலிவான டாங்கிள்கள் சில லினக்ஸில் மூச்சே விடாது. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, பயம் வேண்டாம்.

போர்டில் எல்லா சாட்டா போர்ட்டும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். எச்81 சிப்செட் போர்டுகளில் இரண்டு போர்ட் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டு 3 ஜிகாபிட். வேகமான இரண்டிலும் எஸ்எஸ்டிகள், மெதுவான ஒன்றில் ஹார்டு டிஸ்க். டிவிடி டிரைவை யார் இப்போது பயன்படுத்துகிறார்கள்? பவர் கேபிள் போதவில்லை என்றால் அதிலிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது பூட் முறையில். பழைய போர்டுகளில் விண்டோஸ் ‘லெகசி’ முறையில் போடப்பட்டிருக்கலாம், ‘யூஇஎஃப்ஐ’ முறையிலும் இருக்கலாம். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரியில் அது இருக்கும். விண்டோஸ் எந்த முறையோ, லினக்ஸையும் அதே முறையில் போடுங்கள். மாற்றிப் போட்டால் க்ரப் பட்டியலிலிருந்து விண்டோஸுக்குள் போக முடியாது. இதோடு சேர்த்து மதர்போர்டில் இருக்கும் காசு அளவு சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பத்து வருஷப் பேட்டரி செத்தால் பயாஸ் செட்டிங்ஸ் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும், பூட் முறையும் சேர்த்து. அன்றைக்கு “விண்டோஸ் போச்சு” என்று நீங்கள் அலறப்போவது, ஒரு சின்ன பேட்டரிக்காக.

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியை கன்ட்ரோல் பேனலில் போய் அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது. அரைத்தூக்கத்தில் டிஸ்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து பொது டிஸ்கைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. எழுத விட்டால் அதைவிட ஆபத்து.

தனி டிஸ்க் எல்லாத்துக்கும் மருந்து என்றும் நான் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் ஆனில் இருந்த பல டூயல் பூட் சிஸ்டங்களில் லினக்ஸைத் திறக்கவே விடாமல் செய்தது. டூயல் பூட் சிஸ்டங்களை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது; தொட்டது. அந்த மாற்றம் பதிவானது டிஸ்கில் அல்ல, மதர்போர்டின் நினைவகத்தில். அதனால் தனி டிஸ்க் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துத்தான் பலர் உள்ளே போனார்கள். லினக்ஸ் திடீரென்று வரவில்லை என்றால் உடனே ஃபார்மட் என்று கிளம்ப வேண்டாம், முதலில் பயாஸைப் பாருங்கள்.

அப்பாவின் சிஸ்டம் இப்போது ஆன் செய்ததும் பத்து விநாடி பட்டியல் காட்டும். ஒன்றும் அழுத்தாவிட்டால் மின்ட் திறக்கும். கணக்கு எழுத வேண்டுமென்றால் கீழ் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸ். இதை ஒரு அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறேன். முதல் வாரமே போன் வந்தது.

“டேய், மணி தப்பா காட்டுதுடா. காலைல பத்தரைக்கு அஞ்சு மணிங்குது. பேட்டரி மாத்துனேன்னு சொன்னியே?”

“விண்டோஸ்ல இருக்கீங்களாப்பா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாக வைத்திருக்கும். இந்தியாவில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸிடம் “நீயும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்” என்று சொல்ல ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். அதைக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த்தான் சரி செய்தேன். அதுவரை அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே கணக்கு எழுதினார்.