கதையிலிருந்து தொடங்குங்கள்

சமகால அமெரிக்கப் புனைகதையை மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர்களே, ‘யதார்த்தவாதம்’, ‘மினிமலிசம்’ என்று கரும்பலகையில் எழுதித் தொடங்காதீர்கள். ரேமண்ட் கார்வரின் ‘கதீட்ரல்’ சிறுகதையைக் கையில் கொடுங்கள். 1983இல் இதே தலைப்பிலான தொகுப்பில் வந்தது. மனைவியின் பார்வையற்ற நண்பர் விருந்தாளியாக வருவதை விரும்பாத ஒரு கணவன். சாப்பாடு, குடி, தொலைக்காட்சி என்று இரவு நகர்கிறது. திரையில் தெரியும் தேவாலயம் எப்படியிருக்கும் என்று அவருக்குச் சொல்ல முயன்று, வார்த்தை வராமல் திணறுகிறான். அடியில் வெங்காயச் சருகு கிடந்த கடைப் பையை உதறி, விரித்து, அதன்மேல் பேனாவால் வரைகிறான். அவன் கைமேல் அவர் கை. கடைசியில் இவனும் கண்ணை மூடிக்கொண்டே வரைகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் படித்தவர் மனத்தில் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. கார்வர் மர ஆலைத் தொழிலாளியின் மகன். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். ஹாலிவுட் காட்டாத அமெரிக்கா அவர் கதைகளின் சமையலறைகளிலும் வரவேற்பறைகளிலும் இருக்கிறது. கோட்பாடுகளின் பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் அந்தக் காகிதப் பையை மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.