180 நாளில் சம்பா

அமெரிக்காவில் குடியேற வேண்டும் என்று நான் எங்கள் திருவாரூர்த் தியாகராஜரிடம் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. பையன் அங்கே குடியுரிமை வாங்கினான். குடிமகனாகிவிட்டால் அப்பா அம்மாவுக்கு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்காமல் கிரீன் கார்டு கிடைக்கும் என்றான். மனுப் போட்டான். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, நேர்காணல் என்று திருவாரூரிலிருந்து ஊர் ஊராக அலைந்தோம். கார்டும் வந்தது. பத்து வருஷம் செல்லும் என்று அதிலேயே தேதி அச்சடித்திருக்கிறது. பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அந்தத் தேதி கார்டுக்குத்தான். நமக்கு வேறு கணக்கு. தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டுப் போனால், புதிதாக வந்து இறங்கியவரைப் போல நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கார்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. "வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் கால் வச்சுட்டு வந்தா போதும் டீச்சர்" என்று எங்கள் தெருவிலேயே யோசனை சொல்கிறார்கள். அதுவும் தப்பு. கால் வைத்துவிட்டு வருகிறவரையும், உண்மையில் அங்கே வாழ்கிறவரா, கார்டைக் காப்பாற்ற வந்து போகிறவரா என்று பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இந்த 180 நாளை யார் எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்தார்களோ தெரியாது. மாவூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. போடுவது சி.ஆர். 1009 என்கிற சம்பா நெல். விதையிலிருந்து அறுப்பு வரை 155 நாளாவது ஆகும். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவது ஆற்றின் மனசைப் பொறுத்தது. ஆவணியில் விதைத்தால் தையில் அறுப்பு. நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை. பயிர் முழுகினால் வடிய வைக்க ஆள் பிடிக்க வேண்டும், இன்ஷூரன்ஸுக்கு அடங்கல் வாங்க வேண்டும். அறுத்த பிறகு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காய வைக்க வேண்டும். பணம் கணக்கில் ஏறும்போது 180 நாள் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். ஒரு மழை அதிகம் பெய்தால் எனக்கு நெல்லும் போகும், கார்டும் போகும்.

"குத்தகைக்கு விட்டுட்டுப் போம்மா" என்கிறான் பையன். நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். மாமியாரை யாரிடம் விடுவது? அத்தைக்குத் தொண்ணூறு வயசாகிறது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிட, ராத்திரியில் கூப்பிட்டால் என்னவென்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பகலுக்கு ஒரு அம்மாளைப் போட்டிருக்கிறோம். ஆனாலும் என் குரல் கேட்காவிட்டால் அத்தை கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுவார். அந்தப் பக்கம் மருமகளுக்கு ராத்திரி பகல் மாறி மாறி வேலை, பேத்திக்கு ஆஸ்துமா. இருமல் வந்தால் "ஆச்சி எப்ப வருவீங்க?" என்று போனில் அழுகிறாள். இங்கே கிழவிக்கு நான் வேண்டும், அங்கே குழந்தைக்கு நான் வேண்டும். இந்த வயசில் ரெண்டு பக்கமும் என்னைத் தேடுகிறார்கள் என்று சந்தோஷப்படத்தான் ஆசை. அதற்கு அந்தக் காலண்டர் இடம் கொடுப்பதில்லை.

போன தடவை விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அந்த அதிகாரிக்கு என் பையன் வயசுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டார். இத்தனை மாதம் ஊரில் என்ன செய்தீர்கள்? மாமியாரைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். உங்கள் வீடு எங்கே இருக்கிறது? திருவாரூர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளை வீட்டு விலாசத்தைச் சொன்னேன். அதற்கு அத்தாட்சி? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வீட்டுப் பத்திரம் பிள்ளை பேரில். கரண்ட் பில் மருமகள் பேரில். எனக்கு அங்கே கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது. சம்பளம் கிடையாது. பேத்திக்குத் தலை பின்னிவிட்டதற்கும் மூணு வேளை சமைத்ததற்கும் எந்த அலுவலகத்தில் ரசீது கொடுக்கிறார்கள்? பட்டா, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், ஈ.பி. கார்டு, பென்ஷன் புத்தகம் என்று என் பேரில் இருக்கிற அத்தனை காகிதமும் திருவாரூரில்தான் இருக்கிறது. அவற்றைக் காட்டினால் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ரீ-என்ட்ரி பெர்மிட். அதிகபட்சம் ரெண்டு வருஷத்துக்குக் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால், நீண்ட நாள் வெளியே இருந்தது ஒன்றையே காரணமாக வைத்து நம்மைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீட்டிக்க மாட்டார்கள். முடிந்தால் புதிதாக எழுதிப்போட வேண்டும். கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து 630 டாலர், நம் பணத்தில் அரை லட்சத்துக்கு மேல். பணத்தைக்கூடப் பையன் கட்டிவிடுவான். நிபந்தனையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மனுப் போடும்போது நாம் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் குறித்துக் கைரேகைக்குக் கூப்பிடுவார்கள். அதையும் அங்கேயே போய்க் கொடுக்க வேண்டும். பெர்மிட் தயாரானதும் வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் வாங்கிக்கொள்ளலாமாம். வாங்குவது இங்கே நடக்கும், கேட்பது மட்டும் அங்கே! மாமியார் கீழே விழுந்தார் என்று போன் வந்தவுடன் அடுத்த விமானத்தைப் பிடிக்கிறவள், முதலில் மனுப் போட்டு, ரேகைத் தேதிக்குக் காத்திருந்து, ஆற அமர வர வேண்டும் என்றால் எப்படி?

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்துக்குக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் அதற்காக வயசானவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது தபால்காரர் வீட்டுக்கே வந்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, கருவியில் விரலை வைக்கச் சொல்லிப் போய்விடுகிறார். வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியிடம் சான்று வாங்கி அனுப்பலாம். நம் கருவூலத்துக்கு எட்டிய புத்தி உலகத்துக்கே கம்ப்யூட்டர் விற்கிற தேசத்துக்கு எட்டவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு வருஷம் தாண்டிவிட்டவர்களுக்கும் ஒரு கதவு உண்டு. எஸ்.பி.-1 என்று திரும்பி வருகிறவர்களுக்கான விசா. தூதரகத்தில் மனுப் போட்டு, திரும்பிப் போகும் எண்ணம் எப்போதும் இருந்தது, தங்க நேர்ந்ததற்குக் காரணம் நம் கையை மீறியது என்று நிரூபிக்க வேண்டும். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்தது. படுத்த மாமியாருக்குப் பணிவிடை செய்வது கையை மீறிய காரணமா, நானாகப் பார்த்து எடுத்த முடிவா? இங்கே எந்தத் திண்ணையில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அங்கே எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தோன்றுமோ, அதுதான் தீர்ப்பு.

வெளிநாட்டுக் காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு வாழ்வது எங்கள் ஜில்லாவுக்குப் புதுசில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறை இன்னும் பேச்சில் இருக்கிறது. என் பெரியப்பாவும் அப்படிப் போனவர்தான். கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. என்ற அடையாள அட்டை வைத்திருந்தார். 1968-ல் மலேசியா ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வாங்க வேண்டும் என்றது. எத்தனையோ வருஷம் அங்கே உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்றைக்குக் கூத்தாநல்லூரில் கேட்டால் சிங்கப்பூரில் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமை வைத்திருப்பவர்களும் ரீ-என்ட்ரி பெர்மிட் தேதியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். புதுப்பித்துக் கொடுப்பார்களா என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், அவர்கள் எங்கே இருந்தாலும் ஆன்லைனில் கேட்கலாம். கேட்பதற்கே விமானம் ஏறு என்று சிங்கப்பூர் சொல்வதில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நான் அங்கே வாழவில்லையோ என்று சந்தேகப்படுகிற அதே அரசாங்கம், வரி என்று வரும்போது என்னை முழுசாகத் தன் ஆளாக எடுத்துக்கொள்கிறது. கிரீன் கார்டு இருக்கிறவரை உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அவர்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. மாவூர் நெல்லுக்கு வந்த காசு அவர்கள் கணக்கில் வருமானம்தான். வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக ஒரு படிவம் உண்டு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை டெபாசிட்டில் போட்டு வைத்திருக்கிற எந்த டீச்சரும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவாள். இதையெல்லாம் ஒழுங்காகக் கொடுத்தால்தான் நாளைக்கு விமான நிலையத்தில் காட்ட ஒரு அத்தாட்சி கிடைக்கும் என்பதால் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"பேசாம கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு டூரிஸ்ட் விசா எடுத்துடுவோம்" என்கிறார் வீட்டுக்காரர். அதற்கும் ஐ-407 என்று ஒரு படிவம் இருக்கிறது, கட்டணம்கூட இல்லை. டூரிஸ்ட் விசாவில் போனால் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஆறு மாசம் தங்க விடுவார்கள். ஊரில் எத்தனை மாசம் இருந்தாய் என்று கோபப்பட மாட்டார்கள். விருந்தாளியாகப் போனால் நிம்மதி, வீட்டு மனுஷியாகப் போனால் விசாரணை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திருப்பிக் கொடுத்தது கொடுத்ததுதான். மறுபடி வேண்டுமென்றால் முதல் மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அத்தைக்குப் பிறகு, எங்கள் ரெண்டு பேரில் ஒருவர் தனியாகிவிட்டால், அந்த ஒருவர் யாரிடம் போய் இருப்பது? இருக்கிறது ஒரே பிள்ளை. அந்த நாளுக்காகத்தான் இந்த அட்டையை வாங்கினோம். அதனால்தான் விட மனசு வரவில்லை.

என்னைப் போல இந்த ஊரில் இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். விமான நிலையத்தில் அந்த ஐ-407-ஐ நீட்டி, கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் பயந்து போட்டுவிடாதீர்கள். போடத்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குடிவரவு நீதிபதி முன்னால் வழக்கைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. தூக்கமில்லாமல், கால் வீங்கி, சர்க்கரை மாத்திரை நேரம் தப்பி உட்கார்ந்திருக்கிற வேளையில் இது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

சட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வருவாரா என்று கேட்க எந்த நாட்டுக்கும் பாத்தியதை உண்டு. கேட்கிறது ஒன்றே ஒன்று. சென்னையில் டூரிஸ்ட் விசாவுக்கு வருகிறவர்களின் பத்து விரல் ரேகையையும் அவர்கள்தானே எடுக்கிறார்கள்? பிள்ளைகளுக்காகக் கார்டு வாங்கிய வயசானவர்களின் விரலையும் அங்கேயே பதிந்துகொண்டு, ரீ-என்ட்ரி மனுவையும் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். மனுவில் காரணம் எழுத நாலு வரி இடம் விடட்டும். மாமியார், மழை, சம்பா அறுப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சரிபார்க்க வேண்டுமா? மாவூர் வி.ஏ.ஓ.விடம் கேட்கட்டும். என் நிலத்தில் இந்த வருஷம் என்ன பயிர், எப்போது அறுப்பு என்று அடங்கலைப் பார்த்து அவர் சொல்வார்.